‘பவர்’ மாத்திரை என்று ஒன்று உண்டா?

மதுரை கோரிப்பாளையம் பக்கம் ஏதாவது ஒரு மருந்துக் கடை வாசலில் மாலை வேளையில் பத்து நிமிடம் நின்றால் போதும். “500 வேண்டாம், பவர் பத்தாது, 650 கொடுங்கள்” என்று ஒருவர் கேட்பார். “எனக்கெல்லாம் மாத்திரை கேட்காது, ஊசி போட்டால்தான் கேட்கும்” என்று இன்னொருவர் பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். மூன்றாமவரின் முகத்தில் நிம்மதி தெரியும். டாக்டர் பிரஷர் மாத்திரையை மாற்றிவிட்டார், 50 இருந்த இடத்தில் இப்போது 5, நோய் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது என்பது அவர் கணக்கு.

மூவரும் தவறாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் மூன்றும் மூன்று விதமான தவறுகள். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. நான் பாடம் நடத்தும் நர்சிங் மாணவிகளே வார்டுக்கு வந்த முதல் மாதத்தில் “இது ரொம்ப பவரான மருந்து” என்றுதான் பேசுகிறார்கள். பவர் என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் எடை, வீரியம், உச்ச விளைவு, ரத்தத்தில் இருக்கும் மட்டம், செறிவு என்று ஐந்து பேர் குடியிருக்கிறார்கள். திண்ணைப் பேச்சில் அதனால் நட்டமில்லை. கையில் சிரிஞ்சை வைத்துக்கொண்டு அப்படிக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒவ்வொருவராக வெளியே கூப்பிட்டுப் பார்ப்போம்.

கேட்பது யார்?

மருந்து ‘கேட்கிறது’ என்று நம் பக்கம் சொல்வது எனக்குப் பிடித்த வழக்கு. மருந்தியலின் முதல் பாடமே அதற்குள் இருக்கிறது.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். வைகையின் இரு கரையிலும் லட்சக்கணக்கில் கூட்டம். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வருகிறது: “கார்த்தி என்ற நான்கு வயதுப் பையன் இங்கே இருக்கிறான், அம்மா உடனே வரவும்.” ஒலி எல்லார் காதிலும்தான் விழுகிறது. நெஞ்சு அடித்துக்கொண்டு ஓடுவது கார்த்தியின் தாய் மட்டும்.

விழுங்கிய மருந்தும் இப்படித்தான் ரத்தத்தோடு உடம்பு முழுவதும் சுற்றுகிறது. தலைவலி மாத்திரைக்குத் தலையின் முகவரி தெரியாது. சில செல்களின் மேலோ உள்ளேயோ, குறிப்பிட்ட வேதிப்பொருள் வந்து ஒட்டினால் மட்டும் பதில் கொடுக்கும் புரதங்கள் இருக்கின்றன. அந்தப் புரதத்துக்குப் பெயர் ஏற்பி. அதுதான் அந்தத் தாயின் காது.

கூட்டத்தில் கார்த்தி என்ற பெயருள்ள இன்னொரு பையனின் தாயும் இருந்தால்? அவளும் பதறிக்கொண்டு ஓடுவாள். பக்க விளைவு என்பதில் பெரும்பகுதி இதுதான். மூச்சிரைப்புக்கு நெபுலைசரில் வைக்கும் சால்பியூட்டமால், மூச்சுக்குழாய்த் தசையில் உள்ள ஏற்பியை எழுப்பி அதை விரிக்கிறது. அதே குடும்பத்து ஏற்பிகள் கைகால் தசைகளிலும் இதயத்திலும் உண்டு. அதனால்தான் நெபுலைசர் முடிந்ததும் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்கிறார் நோயாளி. “பயத்தில் அப்படி இருக்கும்” என்று தட்டிக்கழித்துவிட்டுப் போகும் நர்சை எனக்குப் பிடிக்காது. நாடியைப் பார்க்க வேண்டும், எழுதி வைக்க வேண்டும்.

சில மருந்துகள் குரல் கொடுப்பதில்லை, காதைப் பொத்துகின்றன. ப்ரொப்ரனலால் அந்த வகை. சால்பியூட்டமால் எழுப்பும் அதே ஏற்பியை அது அடைத்துவிடும். இதயத் துடிப்பைக் குறைப்பதற்காகக் கொடுத்த மாத்திரை ஆஸ்துமாக்காரருக்கு மூச்சு முட்ட வைப்பது இப்படித்தான். மாத்திரையை நீட்டுவதற்கு முன் “இளைப்பு உண்டா, ஐயா?” என்று கேட்கச் சொல்வது சடங்குக்காக இல்லை.

எல்லா மருந்தும் ஏற்பி வழியாக வேலை செய்வதில்லை. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் மருந்து, அமிலத்தோடு நேராக வேதிவினை புரிந்து அதை மட்டுப்படுத்துகிறது, அவ்வளவுதான். ஆனால் ஏற்பி புரிந்தால் பாதிப் பாடம் புரிந்தது.

மிளகாயும் மில்லிகிராமும்

முதலில் எளிதானதை முடித்துவிடுவோம். பாராசிட்டமால் 650 என்பது 500-ஐவிட வேறு ரகமான மருந்து இல்லை. அதே சரக்கு, 150 மில்லிகிராம் கூடுதல். இது வெறும் எடை. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளுக்கான உச்ச வரம்பு 4 கிராம். 650-ஐ ஆறு முறை போட்டால் 3,900 மில்லிகிராம், அதாவது வேலியோரம் வந்தாயிற்று. அதோடு சளிக்கென்று வாங்கிய கூட்டு மாத்திரையிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். இரண்டும் சேர்ந்து வரம்பைத் தாண்டும்போது அடி விழுவது கல்லீரலுக்கு. குடிப்பழக்கம் உள்ளவர், ஏற்கெனவே கல்லீரல் கெட்டவர், உடல் எடை குறைந்தவர் ஆகியோருக்கு அந்த வேலி இன்னும் பக்கத்திலேயே நிற்கிறது.

இப்போது 50 போய் 5 வந்த பெரியவர். பழைய மாத்திரை லோசார்டன் 50 மில்லிகிராம், புதியது அம்லோடிபின் 5 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் வேறு வேறு மருந்துகள். ஒரு குழம்புக்கு இரண்டு காந்தாரி மிளகாய் கிள்ளிப் போட்டாலே வரும் உறைப்பு, வேறு மிளகாயில் ஒரு கைப்பிடி போட்டால்தான் வரும். எண்ணிக்கையை வைத்து உறைப்பைச் சொல்ல முடியாது. குறிப்பிட்ட விளைவைத் தர எவ்வளவு குறைந்த அளவு போதும் என்பதற்கு வீரியம் என்று பெயர். தைராய்டுக்குத் தரும் தைராக்ஸின் 100 மைக்ரோகிராம், பாராசிட்டமால் 500 மில்லிகிராமில் 5,000-இல் ஒரு பங்கு எடைதான். அதனால் அது லேசான மருந்து ஆகிவிடுமா?

வீரியத்தையும் உச்ச விளைவையும் ஒன்றாக நினைப்பது அடுத்த குழப்பம். பஜ்ஜி மிளகாயைக் கூடை கூடையாகக் கொட்டினாலும் காந்தாரியின் காரத்தை எட்டாது. ஒரு மருந்தை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் ஏறாத உயரம்தான் உச்ச விளைவு. வார்டில் ‘நீர் மாத்திரை’ என்று நாம் ஒரே கூடையில் போடும் மருந்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபியூரோசமைடு 40 மில்லிகிராம் செய்யும் வேலையை டார்செமைடு ஏறக்குறைய 20 மில்லிகிராமில் செய்துவிடும். இவற்றுக்குள் வீரியம்தான் வேறு, உயரம் ஒன்றே. ஹைட்ரோகுளோரோதையசைடு வேறு கதை. அதை எத்தனை மாத்திரை கொடுத்தாலும் ஃபியூரோசமைடு வெளியேற்றும் நீரை வெளியேற்றாது. நுரையீரலில் நீர் கோத்து மூச்சுக்குத் திணறுகிறவருக்கு டாக்டர் எதைத் தேர்ந்தெடுக்கிறார், ஏன் என்பது இங்கே விளங்கும்.

மில்லிகிராமுக்கும் மைக்ரோகிராமுக்கும் நடுவே ஆயிரம் மடங்கு. இதய மருந்தான டிஜாக்சின் 0.25 மில்லிகிராம் என்றாலும் 250 மைக்ரோகிராம் என்றாலும் ஒன்றே. முன்னால் இருக்கும் சுழியத்தை விட்டுவிட்டு வெறும் புள்ளியோடு 25 என்று எழுதினால், அவசரத்தில் புள்ளி கண்ணில் படாது. பின்னால் தேவையில்லாத சுழியமும் அப்படியே: 5.0 என்பது 50 ஆகிவிடும். புள்ளிக்கு முன்னால் சுழியம் வேண்டும், பின்னால் வேண்டாம். மாணவிகள் இதை மட்டும் மனப்பாடம் செய்தாலும் நான் மகிழ்வேன்.

இதுவரை பார்த்ததில், எடை என்பது மாத்திரையில் எவ்வளவு இருக்கிறது என்பது. வீரியம், எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் போதும் என்பது. உச்ச விளைவு, எவ்வளவு கூட்டினாலும் எதுவரை போகும் என்பது. அட்டையில் அச்சிட்ட எண் முதலாவதை மட்டுமே சொல்கிறது.

தெப்பக்குளத்துக் கணக்கு

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தைத் தெப்பம் மிதந்து பார்த்திருப்பீர்கள். தண்ணீர் இல்லாத ஆண்டுகளில் அது ‘நிலைத் தெப்பம்’ ஆனதையும் பெரியவர்கள் சொல்வார்கள். அலங்காரம், விளக்கு, மேளம் எல்லாம் உண்டு. தெப்பம் மட்டும் நகராது. மிதப்பதற்கு ஒரு குறைந்தபட்ச மட்டம் வேண்டும். அதே நேரத்தில் தண்ணீர் படிகளைத் தாண்டி ஏறி வெளியே வழிந்தாலும் திருவிழா நடக்காது.

ரத்தத்தில் மருந்தின் மட்டமும் இப்படியே. ஒரு கோட்டுக்குக் கீழே இருந்தால் வேலை நடக்காது, மேலே உள்ள இன்னொரு கோட்டைத் தாண்டினால் நஞ்சு. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் உள்ள இடம் சிகிச்சை இடைவெளி. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சொல்லிவிட்டுப் போன பெரியவர்கள் அந்த அளவு எங்கே இருக்கிறது என்று சொல்லாமல் விட்டார்கள். மருந்துக்கு மருந்து அது மாறும். சிலவற்றுக்கு அகன்ற இடைவெளி, கொஞ்சம் முன்பின் ஆனாலும் பாதகமில்லை. டிஜாக்சின், மனநோய்க்குத் தரும் லித்தியம், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் ஆகியவற்றுக்கு அது மிகக் குறுகலானது. டிஜாக்சின் கொடுக்கும் முன் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ணச் சொல்வதும், பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் நிறுத்தி டாக்டரிடம் சொல்லச் சொல்வதும் அதனால்தான்.

இனி, குளத்தின் அடியில் ஒரு வடிகால் திறந்தே இருக்கிறது என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். நிறைய தண்ணீர் இருக்கும்போது சீறிக்கொண்டு போகும், வற்ற வற்ற ஒழுகும். பெரும்பாலான மருந்துகளை உடம்பு இப்படித்தான் வெளியேற்றுகிறது: அதிகம் இருந்தால் அதிகம், குறைவாக இருந்தால் குறைவு. இருக்கும் மட்டம் பாதியாகக் குறைய ஆகும் நேரத்துக்கு அரை ஆயுள் என்று பெயர். ஒரு மருந்துக்கு அது 4 மணி நேரம் என்றால், 100 பங்கு 4 மணி நேரத்தில் 50, எட்டில் 25, பன்னிரண்டில் 12.5. அரை ஆயுள் நான்கைந்து கடந்தால் ஏறத்தாழ காலி.

இதிலிருந்து கிடைக்கும் ஒரு விஷயம் மாணவிகளை எப்போதும் திகைக்க வைக்கும். அளவை இரு மடங்காக்கினால் மருந்து இரு மடங்கு நேரம் தாங்காது. கூடுதலாக வந்த பாதி, ஒரே ஓர் அரை ஆயுளில் போய்விடும். பாராசிட்டமாலின் அரை ஆயுள் 2 முதல் 3 மணி நேரம். கணக்குப் போட்டுப் பாருங்கள், 500-க்குப் பதில் 650 போட்டதில் அந்த 150 மில்லிகிராம் வாங்கித் தருவது சுமார் ஒரு மணி நேரம். இதற்குத்தான் கடை வாசலில் இவ்வளவு பேச்சு.

மறுபக்கம், தினமும் ஒரு குடம் ஊற்றிக்கொண்டே இருந்தால் குளம் என்ன ஆகும்? முதலில் மட்டம் ஏறும். ஏற ஏற வடிகாலில் போவதும் கூடும். ஒரு கட்டத்தில் வருவதும் போவதும் சமமாகி மட்டம் நிலைத்துவிடும். இதுவே நிலைமட்டம். அதற்கு வந்து சேரவும் நான்கைந்து அரை ஆயுள் ஆகும். அம்லோடிபினின் அரை ஆயுள் 30 முதல் 50 மணி நேரம் என்பதால், மட்டம் நிலைக்க ஒரு வாரம், சிலருக்கு இன்னும் கொஞ்சம் ஆகும். இரண்டாவது நாளே “பிரஷர் குறையவில்லை” என்று தானாகவே இரண்டு மாத்திரை போட்டுக்கொள்பவர் குளம் நிறைவதற்குள் வரத்து மதகை முழுதாகத் திறந்துவிடுகிறார். தைராக்ஸினுக்கு அரை ஆயுள் சுமார் 7 நாள். அளவை மாற்றிய பிறகு ஆறு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்வதன் காரணம் இந்தக் கணக்கு.

எதிர்க்கோடியில், தறிகெட்டு ஓடும் இதயத் துடிப்பை அடக்கும் அடினோசின் இருக்கிறது. அதன் அரை ஆயுள் பத்து வினாடிக்கும் குறைவு. மெதுவாகச் செலுத்தினால் இதயத்துக்குப் போய்ச் சேரும் முன் வழியிலேயே காலி. ஆகவே அதை மட்டும் சட்டென்று செலுத்தி, உடனே பின்னாலேயே சலைனைத் தள்ளுகிறார்கள்.

வடிகாலில் வண்டல் அடைத்துக்கொண்டால்? அதே குடம், அதே நேரம், ஆனால் குளம் வழிகிறது. சிறுநீரகம் கெட்டவரின் நிலை இதுதான். டிஜாக்சினின் அரை ஆயுள் நல்ல சிறுநீரகத்தில் ஒன்றரை முதல் இரண்டு நாள். சிறுநீரகம் செயலிழந்தால் அது மூன்றரை நாளைத் தாண்டும். போன மாதம் ஒத்துக்கொண்ட அளவே இந்த மாதம் நஞ்சாகலாம். முதியவருக்குக் குமட்டல் வந்து, சாப்பாடு பிடிக்காமல் போனால், வயிற்றுக் கோளாறு என்று எழுதும் முன், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினினைப் பாருங்கள். சிறுநீரின் அளவைக் குறித்துவைக்கும் அட்டவணையும் மருந்தியல்தான்.

இந்தப் பகுதியில் நினைவில் நிற்க வேண்டியது: மருந்து வேலை செய்வது அதன் மட்டத்தால். அந்த மட்டத்தைத் தீர்மானிப்பது எவ்வளவு போகிறது, எத்தனை மணிக்கு ஒருமுறை போகிறது, எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்ற மூன்றும் சேர்ந்து. ‘எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை’ என்பதைக் ‘காலை, மதியம், இரவு’ என்று வசதிக்கு மாற்றும்போது இரவு நீண்டுவிடுகிறது. தெப்பம் விடியற்காலையில் தரை தட்டும்.

கப்பலூரைச் சுற்றிக்கொண்டு போவது

“ஊசிதான் கேட்கும்” என்பவருக்கு வருவோம். வாய் வழியாகப் போகும் மருந்து குடலில் உறிஞ்சப்பட்டு, நேராக இதயத்துக்குப் போவதில்லை. முதலில் கல்லீரலுக்குள் நுழைகிறது. மதுரையிலிருந்து திருமங்கலம் போகிறவர் வழியில் கப்பலூர் சுங்கச்சாவடியைக் கடப்பது மாதிரி. கல்லீரல் ஒவ்வொரு மருந்திடமும் ஒரு கட்டணம் பிடித்துக்கொள்ளும், சிலவற்றிடம் கொஞ்சம், சிலவற்றிடம் பெரும்பகுதி. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரையை விழுங்காமல் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்வது சுங்கச்சாவடியைச் சுற்றிக்கொண்டு போகும் பாதை. அங்கிருந்து மருந்து கல்லீரலைத் தொடாமல் ரத்தத்தில் சேர்கிறது. சில மருந்துகள் குடலிலேயே முழுதாக உறிஞ்சப்படுவதில்லை. ஃபியூரோசமைடு சராசரியாகப் பாதிதான் உள்ளே போகும். வாய்க்கு 40, நரம்புக்கு 20 என்பதன் கணக்கு அது.

ஆக, ஊசி வேகமானது, முழு அளவும் உள்ளே போகும், உண்மைதான். ஆனால் விழுங்க முடிகிறவருக்கு, நன்றாக உறிஞ்சப்படும் பாராசிட்டமால் போன்ற மருந்தில் மாத்திரையே போதும். தவறு நடந்தால் மாத்திரையில் கொஞ்சம் நேரமாவது கையில் இருக்கும். நரம்பில் போனதைக் கூப்பிட்டு நிறுத்த முடியாது.

மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூப் போட்டிருக்கும் நோயாளிக்கு மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஊற்றுவது வழக்கம். பெயருக்குப் பின்னால் எஸ்ஆர் என்று இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். பல மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ வேண்டிய மூட்டை அது. இடித்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் கொட்டும்.

ஒரு மில்லியில் எத்தனை?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். சர்க்கரை நோயாளி ஒருவருக்குக் காலையில் 20 யூனிட் இன்சுலின். முதல் நாள் சர்க்கரை இறங்கவேயில்லை. மறுநாள் டாக்டர் 30 ஆக்கினார், அப்போதும் பெரிய மாற்றமில்லை. மூன்றாம் நாள் வேறு ஷிப்டில் வந்த சிஸ்டர் அதே 30-ஐப் போட்டார். மதியத்துக்குள் அவருக்கு உடம்பெல்லாம் வியர்வை, பேச்சில் குழறல். சர்க்கரை 48. டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் ஏற்றி மீட்டார்கள்.

இரண்டு நாளும் ஊசி போட்டவள் நான். மருந்து சரி, எண் சரி, நேரம் சரி. சிரிஞ்ச் தப்பு.

நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினும் உண்டு, அதற்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. ஒரு மில்லியில் எவ்வளவு மருந்து கரைந்திருக்கிறது என்பதுதான் செறிவு. சிரிஞ்சில் உள்ள கோடுகள் அந்தச் செறிவை நம்பிப் போடப்பட்டவை. நான் 40 குப்பியிலிருந்து 100 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தேன். கிடைத்தது 0.2 மில்லி, அதாவது வெறும் 8 யூனிட். 30 கோட்டில் 12. அந்த சிஸ்டர் சரியான சிரிஞ்சில் போட்டபோது முதல்முறையாக உண்மையான 30 உள்ளே போயிற்று. நான் குறைத்துக் கொடுத்ததுதான் அவருக்கு மூன்றாம் நாள் அதிகமாயிற்று. இதையே திருப்பிச் செய்தால் இன்னும் மோசம்: 100 குப்பியும் 40 சிரிஞ்சும் சேர்ந்தால், 20 கோட்டில் 50 யூனிட்.

வேடிக்கை என்னவென்றால், யூனிட் என்பது எடையைக் காட்டும் அளவில்லை. அந்தப் பொருள் உடம்பில் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை வைத்து வகுத்தது. 1920-களில் முயல்களின் ரத்தச் சர்க்கரையை எவ்வளவு இறக்குகிறது என்று பார்த்துத்தான் இன்சுலின் யூனிட்டை நிர்ணயித்தார்கள். ‘பவர்’ என்ற சொல்லுக்குக் கொஞ்சமாவது நியாயம் உண்டென்றால் இங்கேதான். எழுதும்போது யூனிட் என்று முழுதாக எழுதுங்கள். ‘யு’ என்ற ஆங்கில எழுத்தை மட்டும் எண்ணோடு ஒட்டி எழுதினால் அது சுழியமாகத் தெரிந்து 4 என்பது 40 ஆகும்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினிலும் இதே பொறி: ஒரு மில்லிக்கு 1,000 யூனிட் குப்பியும் 5,000 யூனிட் குப்பியும் அருகருகே நிற்கும். பொட்டாசியம் குளோரைடைப் பற்றி ஒரே வரி. பார்ப்பதற்கு வெறும் தண்ணீர் ஆம்பூல் போல இருக்கும் அதை, சலைனில் கலக்காமல் நேராக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். மற்ற ஆம்பூல்களோடு அதை ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

மூன்று பாண்டிகள்

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் முதல் வாரத்திலேயே ஒப்பித்துவிடுவீர்கள். பின்னால் சேர்ந்த மற்றவற்றையும் சேர்த்துச் சொல்வீர்கள். மற்ற நான்குக்கும் மேலே பார்த்த பாடங்கள் துணைக்கு வரும். முதலாவதற்கு மருந்தியல் உதவாது.

மதுரை ஆண்கள் வார்டில் ஒரே நேரத்தில் மூன்று பாண்டிகள் இல்லாத நாள் அபூர்வம். படுக்கை எண்ணை நம்பக் கூடாது, சாயங்காலம் காற்றுக்காக ஜன்னலோரம் மாறிப் படுத்திருப்பார்கள். “நீங்கள்தானே பாண்டி?” என்று கேட்பதும் வீண். காய்ச்சலில் கிடப்பவர், காது மந்தமானவர், நர்சம்மாவை மறுத்துப் பேசக் கூடாது என்று நினைப்பவர் எல்லாரும் எதற்கும் தலையை ஆட்டுவார்கள். “உங்கள் முழுப் பெயரைச் சொல்லுங்கள், ஐயா. அப்பா பெயர் என்ன?” என்று கேட்டு, கையில் கட்டிய பட்டையோடும் கேஸ் ஷீட்டோடும் ஒத்துப் பாருங்கள்.

ஒரு முறை மாணவி ஒருத்தி மாத்திரைக் கிண்ணத்தை நீட்டிவிட்டு, ஏதோ தோன்றி, நீட்டிய கையை இழுத்துக்கொண்டு முழுப் பெயரைக் கேட்டாள். முத்துக்கருப்பன் என்றார் அவர். பிறகு ஏன் பாண்டியா என்றதும் ஆமாம் என்றீர்கள் என்று நான் கேட்டேன்.

“வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள், சிஸ்டர். உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று நானும் யோசித்தேன்” என்றார்.